உங்களுக்குத் தெரியுமா? கோட்டைக்கு 24 பேர் போதும், ஊருக்கு 100 பேர் வேண்டும்!

சென்னைக் கோட்டையில் சட்டமன்றம் நடக்க எத்தனை எம்.எல்.ஏ.க்கள் உட்கார்ந்திருக்க வேண்டும் தெரியுமா? மொத்தம் 234 பேர். அதில் 24 பேர் இருந்தால் போதும், கூட்டம் செல்லும்!

டெல்லி மக்களவை? 543 பேரில் வெறும் 55!

இப்போது நம்ம பக்கம் வாருங்கள். கொடைரோட்டைச் சுற்றி ஏதாவது ஓர் ஊராட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். மக்கள்தொகை 500-ஐத் தாண்டிவிட்டாலே கிராம சபைக்கு 100 பேர் வந்தாக வேண்டும். 3,000-ஐத் தாண்டினால் 200 பேர். 10,000-ஐத் தாண்டினால் 300 பேர். சட்டமன்றத்தின் மொத்த பலத்தைவிட 66 தலை அதிகம்!

குட்டியூண்டு ஊர், 500 பேருக்குள்தான் என்கிறீர்களா? அங்கேயும் 50 பேர் வேண்டும். கோட்டைக்குத் தேவையானதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்!

இந்தச் சபைக்கு மெம்பர் ஆவது எப்படி? டெபாசிட் கிடையாது. சின்னம் கிடையாது. பிரசாரம் கிடையாது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா? நீங்கள் ஏற்கெனவே மெம்பர்! 18 வயதில் சேர்ந்தால் ஆயுள் முழுக்க!

சட்டமன்றத்தைக் கலைக்கலாம். மக்களவையைக் கலைக்கலாம். ஊராட்சி மன்றத்தைக்கூடக் கலைக்கலாம். கிராம சபையைக் கலைக்க மட்டும் சட்டத்தில் வழியே இல்லை!

வருஷத்துக்கு எத்தனை கூட்டம்? ரொம்ப காலம் நான்குதான். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22-ம், உள்ளாட்சி தினமான நவம்பர் 1-ம் 2022-ல் சேர்ந்துகொண்டன. இப்போது ஆறு!

திண்டுக்கல் மாவட்டத்தில் 306 ஊராட்சிகள். ஆறால் பெருக்கிப் பாருங்கள். நம்ம மாவட்டத்தில் மட்டும் ஒரு வருஷத்துக்கு 1,836 சபைகள்! தமிழ்நாடு முழுக்க என்றால் சுமார் 75,000. இத்தனை கூட்டம் போட எந்தக் கட்சிக்கும் தெம்பு கிடையாது!

ஸ்டேஷனைத் தாண்டினால் சட்டம் மாறுது!

கொடைரோடு ரயில் நிலையத்தில் இறங்கி நிற்கிறீர்கள். கொடைக்கானல் போகிற கூட்டம் வேன்காரரோடு பேரம் பேசிக்கொண்டிருக்கிறது. நீங்கள் நிற்கிற இடம் அம்மையநாயக்கனூர் பேரூராட்சி. கிராம சபைச் சட்டம் ஊராட்சிக்குத்தான். பேரூராட்சிக்குக் கிடையாது! எல்லைக் கல்லைத் தாண்டி ஊராட்சிப் பக்கம் குடியிருப்பவருக்கு வருஷத்தில் ஆறு தடவை எழுந்து நின்று கேட்கும் உரிமை. இந்தப் பக்கம் இருப்பவருக்கு அது இல்லை. நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, சின்னாளபட்டிக்காரர்களுக்கும் இதே கதைதான்!

நகரத்துக்காரர்களுக்கு என்னதான் வழி? வார்டு கமிட்டி, பகுதி சபா. வார்டு கமிட்டிக்கான அரசியல் சட்டத் திருத்தம் நடப்புக்கு வந்தது 1993-ல். தமிழ்நாட்டில் விதிகள் வந்தது 2022-ல். நடுவே 29 வருஷம்! அந்த நவம்பர் 1-ந் தேதி தாம்பரம் மாநகராட்சியில் இருக்கும் பம்மலில் நடந்த பகுதி சபாவில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலினே போய் உட்கார்ந்தார். உங்கள் வார்டில் நடந்ததா? கவுன்சிலரைக் கேளுங்கள்!

திண்டுக்கல் நகராட்சி ஆரம்பித்த வருஷம் 1866. காங்கிரஸ் கட்சியே பிறக்காத காலம்!

கொடைரோட்டிலிருந்து திண்டுக்கல் போகும் வழியில் அடுத்த ஸ்டேஷன் அம்பாத்துரை. பக்கத்திலேயே காந்திகிராமம். நாட்டுக்குச் சுதந்திரம் வந்த அதே 1947-ல் டாக்டர் சௌந்தரமும் ஜி.ராமச்சந்திரனும் தொடங்கியது. சௌந்தரம் யார் தெரியுமா? டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய டி.வி.சுந்தரம் ஐயங்காரின் மகள்! பங்களாவை விட்டு வந்து கிராமத்தில் வைத்தியம் பார்த்தவர். 1962-ல் திண்டுக்கல் எம்.பி.!

அந்தக் காந்திகிராமப் பல்கலைக்கழகத்தில் பஞ்சாயத்து ராஜ் படிப்புக்கென்றே தனி இருக்கை இருந்தது. அதில் உட்கார்ந்து பேராசிரியர் க.பழனித்துரை எழுதித் தள்ளிய பஞ்சாயத்துப் புத்தகங்களை அடுக்கினால் தனி அலமாரி வேண்டும்!

பட்டிவீரன்பட்டி டபிள்யூ.பி.ஏ.சௌந்தரபாண்டியனாரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்தவர். தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மறுத்தால் பஸ் லைசென்ஸ் ரத்து என்று உத்தரவு போட்டார்! ஓர் உள்ளாட்சித் தலைவரின் பேனாவுக்கு அவ்வளவு பலம். சென்னை தி.நகரில் பாண்டி பஜார், பாண்டி பஜார் என்கிறார்களே, அந்தப் பாண்டி நம்ம ஊர்க்காரர்தான்!

ஒரு தமிழர் சேர்த்த ஒரு வரி!

இந்திய அரசியல் சட்டத்தின் முதல் வரைவில் கிராமப் பஞ்சாயத்து என்று ஒரு வார்த்தைகூட இல்லை! கிராமத்தை நம்பவே கூடாது என்பது அம்பேத்கரின் கருத்து. அறியாமையும் வகுப்புவாதமும் அடைந்து கிடக்கும் குகை என்கிற அர்த்தத்தில் 1948 நவம்பர் 4-ந் தேதி சபையிலேயே போட்டு உடைத்தார். அவர் சொன்னதில் எவ்வளவு நியாயம் இருந்தது என்பதை நம்ம உசிலம்பட்டிப் பக்கமே பின்னால் காட்டியது. அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்!

பதினெட்டே நாள். நவம்பர் 22. மதராஸிலிருந்து போன கே.சந்தானம் எழுந்தார். பஞ்சாயத்துகளை அமைக்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் மறுப்பே சொல்லாமல் ஏற்றுக்கொண்டார்! இன்றைய 40-வது பிரிவு அதுதான்.

அந்த ஒரு வரிக்குப் பல் முளைக்க எத்தனை வருஷம்? 44! 1992-ல் 73-வது திருத்தம். 1993 ஏப்ரல் 24-ல் நடப்புக்கு வந்தது. கிராம சபை என்ற பெயர் அரசியல் சட்டத்துக்குள் ஏறியது அப்போதுதான்.

தமிழ்நாட்டில் 1970-ல் ஊராட்சித் தேர்தல் நடந்தது. அடுத்தது? 1986! அதற்கடுத்தது? 1996! முதல் இரண்டு தேர்தலுக்கு நடுவே ஒரு பிள்ளை பிறந்து பத்தாவது முடித்துவிடும்!

2016-ல் பதவிக்காலம் முடிந்தது. மறுபடி தேர்தல் நடந்தது 2019 டிசம்பர் கடைசியில். அதில் ஜெயித்தவர்களின் காலமும் 2025 ஜனவரி 5-ந் தேதி முடிந்து, திண்டுக்கல் உட்பட 28 மாவட்டங்கள் தனி அலுவலர்கள் கைக்குப் போயின. தலைவர் நாற்காலி காலியானது. சபை மட்டும் காலி ஆகவில்லை! தலைவரே இல்லாவிட்டாலும் கிராம சபை கூடும்!

எதற்கெடுத்தாலும் ‘கூடாது’ என்றால் 5 காசு அபராதம்!

இது நான் ரசித்து ரசித்துக் கண்டுபிடித்தது. திருநெல்வேலிக்குப் பக்கத்தில் மானூர். அங்கே ஒரு பாண்டியர் கல்வெட்டு. சுமார் கி.பி. 800. ஊர்ச் சபையில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று விதி போட்டிருக்கிறார்கள். யார் எதைச் சொன்னாலும் எழுந்து எழுந்து ‘கூடாது’ என்று முட்டுக்கட்டை போடுகிறவருக்கு ஐந்து காசு தண்டம்! ஒவ்வொரு தடவைக்கும் தனித்தனியாக! அவருக்குத் துணை போனவருக்கும் அதே தண்டம்!

இன்றைக்கு டெல்லியில் இந்த விதியைப் போட்டால் கஜானா நிரம்பிவிடும். சரி, விடுங்கள்.

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் குடவோலை எல்லோருக்கும் தெரிந்த கதை. தெரியாததைச் சொல்கிறேன். பராந்தக சோழன் காலத்தில் கி.பி. 919-ல் ஒரு விதி எழுதினார்கள். சரிப்படவில்லை. 921-ல் திருத்தினார்கள். இரண்டே வருஷம்! முதல் விதியில் உறுப்பினர் வயது 30 முதல் 60. திருத்தத்தில் 35 முதல் 70!

30 குடும்பு. அதாவது 30 வார்டு. ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதிய ஓலைகள் கட்டுக்கட்டாகக் குடத்துக்குள். வயதில் மூத்த அர்ச்சகர் எழுந்து எல்லோரும் பார்க்கும்படி குடத்தைத் தூக்கிக் காட்ட வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாத ஒரு சின்னப் பையன் ஓலையை எடுப்பான். வாங்குகிற மத்தியஸ்தர் எப்படி வாங்க வேண்டும் தெரியுமா? ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில்! விரலை மடக்கினால் ஓலையை மாற்றிவிடலாமே! அவர் படித்த பிறகு மண்டபத்தில் இருக்கும் அர்ச்சகர்கள் எல்லோரும் அதை மறுபடி வாசிக்க வேண்டும். ஒரு பெயருக்கு இத்தனை சாட்சி!

இன்னொன்று. பதவியில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி நிற்க முடியாது. அவர் மட்டுமா? அப்பா, பிள்ளை, அண்ணன் தம்பி, மாமனார், மருமகன், மைத்துனன், அக்கா தங்கையின் புருஷன், சித்தி பெரியம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை... அத்தனை பேருக்கும் தடை! இன்று இந்த விதி இருந்தால் பாதி ஊர்களில் நிற்க ஆளே கிடைக்காது!

ஒரு தடவை வாரியத்தில் இருந்தவர் அடுத்த மூன்று வருஷம் ஒதுங்கியிருக்க வேண்டும். பதவிக்காலம் 360 நாள். ஏரிக்குத் தனி வாரியம், தோட்டத்துக்குத் தனி வாரியம், பொன்னுக்குத் தனி வாரியம்!

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. அது பிராமணர் ஊர். கால் வேலிக்கு மேல் சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு எல்லாம் வேண்டும். உழுதவருக்கு ஓலை இல்லை. பெண்களுக்கு ஓலை இல்லை. இன்றைக்குக் கூலி வேலைக்குப் போகிற பாட்டிக்கும் கிராம சபையில் இடம் உண்டு. அந்த வகையில் சோழனை நாம் ஜெயித்துவிட்டோம்!

பத்து வருஷம் தலைவர் இல்லாத ஊர்!

உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி. மதுரை மாவட்டத்திலேயே நாட்டார்மங்கலம். விருதுநகர் மாவட்டத்தில் கொட்டகச்சியேந்தல். 1996-ல் நான்கு ஊர்களின் தலைவர் பதவியும் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. ஆதிக்க சாதியினர் விடவில்லை. மனு போடவே ஆள் வராது. வந்து ஜெயித்தாலும் உடனே ராஜினாமா! பத்து வருஷம் இதே கூத்து. அம்பேத்கர் பயந்தது சும்மா இல்லை.

2006-ல்தான் உடைந்தது. மதுரை கலெக்டராக இருந்த த.உதயச்சந்திரன் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். மறுபடி போய்ப் பேசினார். துப்பாக்கியால் முடியாதது பேச்சால் முடிந்தது! தேர்தல் நடந்தது. தலைவர்கள் பதவியிலும் நீடித்தார்கள்.

2021 அக்டோபர் 2. அதே பாப்பாபட்டி கிராம சபையில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் வந்து உட்கார்ந்தார்!

77 நாளில் 5,000 ஏக்கர் தப்பியது!

கொடைரோட்டிலிருந்து மதுரையைத் தாண்டி மேலூர் பக்கம் போனால் அரிட்டாபட்டி. தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று 2022-ல் அறிவிக்கப்பட்ட ஊர். மலை, சுனை, சமணர் படுக்கை, கழுகு எல்லாம் இருக்கிறது. அதற்கடியில் டங்ஸ்டனும் இருக்கிறது!

2024 நவம்பர் 7. சுமார் 2,015 ஹெக்டேரில் டங்ஸ்டன் சுரங்கம், ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்கு ஏலம் முடிந்தது என்று மத்திய அரசு அறிவிக்கிறது. கிட்டத்தட்ட 5,000 ஏக்கர்!

நவம்பர் 23. அன்று கிராம சபை கூடியது. அரிட்டாபட்டியும் சுற்று வட்டார ஊராட்சிகளும் ஒன்றாகக் கிளம்பின. ‘வேண்டாம்’ என்று தீர்மானம்!

டிசம்பர் 9. ஊர் சொன்னதையே சட்டமன்றமும் சொன்னது. கிராம சபை முந்தி, கோட்டை பிந்தி!

ஜனவரி 7. மேலூர் பக்கமிருந்து ஆயிரக்கணக்கானோர் மதுரைக்கு நடந்தே வந்தார்கள்.

ஜனவரி 23. ஏலம் ரத்து! எண்ணிப் பாருங்கள், மொத்தம் 77 நாள்!

தீர்மானம் மட்டுமே இதைச் சாதித்தது என்று நான் அளக்க மாட்டேன். நடந்த கால்களும் உண்டு, அரசியலும் உண்டு. ஆனால் தீர்மானம் முதலில் ஏறியது ஊரின் நோட்டில்தான்!

எல்லா ஊருக்கும் இந்த யோகம் கிடைப்பதில்லை. பரந்தூர் விமான நிலையம் வேண்டாம் என்று ஏகனாபுரம் கிராம சபை திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டிருக்கிறது!

அரிட்டாபட்டியைவிடப் பெரிய சம்பவம் ஒடிசாவில். நியமகிரி மலை. டோங்ரியா கோந்த் ஆதிவாசிகளின் சாமி மலை. வேதாந்தா நிறுவனத்துக்காக பாக்சைட் வெட்டத் திட்டம். 2013 ஏப்ரல் 18-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வேலை செய்தது. ‘கிராம சபைகளைக் கேளுங்கள்’ என்றது! 12 ஊர்களில் சபை கூடியது. நீதிபதி முன்னிலையில் ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். முடிவு? 12-க்கு 12 வேண்டாம்! பல கோடிக் கம்பெனி அந்த மலையில் ஒரு கூடை மண் அள்ளவில்லை!

கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி 2006-ல் ஒரு காற்றாலையை வாங்கியது. 1 கோடியே 55 லட்ச ரூபாய்! 350 கிலோவாட். ஊருக்குப் போக மிச்ச மின்சாரத்தை மின்வாரியத்துக்கே விற்றது. கரண்ட் பில் கட்டும் ஊராட்சி பார்த்திருப்பீர்கள். மின்வாரியத்திடம் காசு வாங்கிய ஊராட்சி இது!

ரெக்கார்டரோடு வந்த உலக வங்கி!

தென்னிந்தியாவில் கிட்டத்தட்ட 300 கிராம சபைகளில் யார் என்ன பேசினார்கள் என்பதை ஒலிப்பதிவு செய்து, வரி வரியாக எழுதிவைத்துப் படித்தார்கள் இரண்டு ஆய்வாளர்கள். உலக வங்கியின் விஜயேந்திர ராவ், சமூகவியலாளர் பரோமிதா சன்யால். தெருவிளக்குக்கும் ரேஷன் கார்டுக்கும் நாம் போட்ட சண்டை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகத்தில் புத்தகமாகவே வந்துவிட்டது!

தமிழ்நாட்டுக் கிராம சபைகளை மட்டும் வைத்து அதே ராவ் குழு செய்த இன்னொரு ஆய்வு. பெண்கள் பேசுவது குறைவு. பேசினாலும் அதிகாரிகள் நேராகப் பதில் சொல்வது குறைவு. தலைவர் நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்தால்? பெண்கள் பேசுவது பெரிதாகக் கூடவில்லை, ஆனால் பேசுகிறவர்களுக்குப் பதில் கிடைப்பது கூடுகிறது! ‘தலைவி பேருக்குத்தான், புருஷன்தான் எல்லாம்’ என்று டீக்கடையில் கிண்டல் அடிப்பவர்கள் கவனிக்க!

தமிழ்நாட்டில் அந்த நாற்காலிகளில் பெண்களுக்கு எத்தனை? 2016-ல் மூன்றில் ஒன்று என்பது பாதியாக ஆனது. 50 சதவீதம்!

வெளியூர்ச் செய்தி கொஞ்சம்!

சுவிட்சர்லாந்தில் அப்பென்செல் இன்னர்ரோடன் என்றொரு மாநிலம். ஊர் மைதானத்தில் மொத்த ஜனமும் கூடிக் கை தூக்கி ஓட்டுப் போடும். ஆண்கள் வாக்காளர் அட்டைக்குப் பதில் இடுப்பில் வாளோடு வரலாம்! பெண்களுக்கு அங்கே ஓட்டு எப்போது கிடைத்தது? 1990-ல்! அதுவும் நீதிமன்றம் சொல்லித்தான். நம்ம பாட்டிமார்கள் 1952-லேயே போட்டுவிட்டார்கள்!

அதே சுவிட்சர்லாந்தில் கிளாரஸ். 25 ஊர்களை 10 ஆக இணைக்கலாம் என்று 2006-ல் அரசு ஒரு திட்டம் வைத்தது. கூட்டத்தில் ஒரு சாதாரணக் குடிமகன் எழுந்தார். ‘பத்தும் வேண்டாம், மூன்று போதும்’ என்றார். மைதானம் கை தூக்கியது. அரசு தோற்றது. இன்று அங்கே மூன்றே மூன்று ஊர்!

கிளாரஸில் ஓட்டு எண்ணுவது எப்படி என்கிறீர்களா? எண்ணுவதே இல்லை! தலைமை தாங்குகிறவர் கண்ணால் பார்த்து எது அதிகம் என்று சொல்லிவிடுவார்!

அயர்லாந்து 2016-ல் குலுக்கல் முறையில் 99 சாதாரண ஆட்களைப் பிடித்தது. தலைமைக்கு ஒரு நீதிபதி. கருக்கலைப்புத் தடை வேண்டுமா வேண்டாமா என்று வாரக் கடைசிகளில் உட்கார்ந்து பேசச் சொன்னது. அரசியல்வாதிகள் முப்பது வருஷமாகத் தொடப் பயந்த விஷயம்! தடையை நீக்கச் சொன்னார்கள். 2018-ல் நாடே ஓட்டுப் போட்டது. 66.4 சதவீதம் சம்மதம்! உத்திரமேரூர்ப் பையன் ஐரோப்பாவுக்குப் போய்விட்டான்!

மங்கோலியாவில் இன்னும் ஒரு படி மேல். 2017-ல் குலுக்கலில் வந்த 669 பேரை நாடாளுமன்றக் கட்டடத்துக்கே அழைத்து வந்து, அரசியல் சட்டத்தை எப்படித் திருத்தலாம் என்று கேட்டார்கள்!

பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரில் 1989-லிருந்து பட்ஜெட் பணத்தை எந்தத் தெருவுக்குச் செலவழிப்பது என்று தெருக்காரர்களே சொன்னார்கள். அதைப் பார்த்துப் புனே மாநகராட்சி 2006-ல் ஆரம்பித்தது. கேரளம் 1996-லேயே திட்டப் பணத்தில் 35 சதவீதத்துக்கு மேல் ஊர்களின் கையில் கொடுத்துவிட்டது. வாளையாறு தாண்டினால் அந்தக் கதை!

சிங்கப்பூரில் 2012-ல் தொடங்கிய ‘நம் சிங்கப்பூர் கலந்துரையாடல்’ நிகழ்ச்சிகளில் சுமார் 47,000 பேர் உட்கார்ந்து பேசினார்கள். தமிழிலும்தான்!

சாமியானாவுக்கு அடியில்!

இப்போது நம்ம ஊர் சபைக்குப் போவோம். சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, கரகரக்கும் மைக். மேசையில் ஊராட்சி செயலர், ஒன்றியத்திலிருந்து வந்த பற்றாளர். முன்வரிசையில் மகளிர் குழு. தூரத்தில் மரத்தடியில் கைகட்டி நிற்கும் ஆண்கள். செயலர் கடகடவென்று ‘கூட்டப் பொருள்’ வாசிக்கிறார். ஓவர்ஹெட் டேங்க் சுத்தம், டெங்கு தடுப்பு, தொகுப்பு வீட்டுப் பயனாளிகள் பட்டியல், வரவு செலவு. எல்லாம் பத்து நிமிஷம்! இடையில் ஒரு பெரிய நோட்டு சுற்றி வருகிறது. கையெழுத்து, கைநாட்டு. டீ, காராசேவு. முடிந்தது!

அந்த நோட்டைக் கவனியுங்கள். அதுதான் தீர்மானப் புத்தகம். கையெழுத்துப் போடும் பக்கத்துக்கு மேலே தீர்மானம் எழுதியிருக்கிறதா, வெள்ளையாக இருக்கிறதா? வெள்ளையாக இருந்தால் பின்னால் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம்! எழுதியதைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிவிட்டுப் போடுங்கள்.

வரவு செலவுக் கணக்கு? அதை உங்கள் முன் வைத்தாக வேண்டும். தயவு அல்ல, கட்டாயம்! உத்திரமேரூர்க்காரன் கணக்குக் காட்டாதவனின் மச்சானையே விடவில்லை. நீங்கள் ஒரு போர்வெல் பில்லைக்கூடக் கேட்க மாட்டீர்களா?

2005-ல் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்தின் 17-வது பிரிவு, அந்த வேலைகளைத் தணிக்கை செய்யும் அதிகாரத்தை யாருக்குக் கொடுத்தது? ஆடிட்டருக்கா? கலெக்டருக்கா? கிராம சபைக்கு!

அந்த யோசனை பிறந்த இடம் ராஜஸ்தானில் கோட் கிரானா என்ற ஊர். 1994 டிசம்பர் 2. கூடாரம் போட்டு ஊர்ப் பணத்தின் கணக்கைச் சத்தமாக வாசித்தார்கள். வேலையே செய்யாதவர் பெயரில் கூலி! தகவல் உரிமைக்கான போராட்டம் அந்தக் கூடாரத்திலிருந்துதான் வேகம் பிடித்தது. நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது 2005.

ஆனால் இந்தியாவிலேயே முதன்முதலில் தகவல் உரிமைச் சட்டம் போட்ட மாநிலம் எது தெரியுமா? தமிழ்நாடு! 1997! விதிவிலக்குகளை அடுக்கி அதன் பல்லைப் பிடுங்கியதும் நாம்தான் என்பது வேறு விஷயம்.

சரி, உங்கள் ஊர் போன சபையில் என்ன தீர்மானம் போட்டது? தெரியாதா? பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்புங்கள். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். நகல் எடுக்க ஆகும் செலவு, பக்கத்துக்கு 2 ரூபாய்!